அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

அந்தப் பெரிய துணிக்கடையின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. வருஷம் முழுக்க அதில் துணி மாட்டும் பொம்மைகள்தான் குடியிருக்கும். ஒன்றுக்குக் கை இருக்காது, ஒன்றுக்குத் தலை இருக்காது. டிசம்பர் பிறந்ததும் அவற்றையெல்லாம் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, அறைக்கு வெள்ளையடித்து, தாழ்வான மேஜைகளைப் போட்டு, சின்னச் சின்னச் சாமான்களைத் தட்டுத் தட்டாகப் பரப்பிவைப்பார்கள். வாசலில் ஒரு பலகை தொங்கும். 'அம்மா அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு. குழந்தைகள் மட்டும் உள்ளே வரலாம்.'

பலகையே தேவையில்லை என்று சொல்லலாம். படிக்கட்டின் சரிவுக்கு ஏற்ற மாதிரி வெட்டின வாசல் அது. வளர்ந்த மனிதர் யாரும் மண்டையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போக முடியாது.

ரிப்பன் அக்காவை அந்த அறைக்குப் போட்டதற்குக் காரணம், குழந்தைகள் மேல் அவளுக்கு இருந்த பிரியம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உயரம்தான் காரணம். முதல் வருஷம் மாடி மேனேஜர் நாலு பேரை வரிசையாக உள்ளே போகச் சொல்லிப் பார்த்தார். மூன்று பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நாலாவதாகப் போனவள் தலையைக்கூடக் குனியாமல் உள்ளே போய், "எங்க சார் உக்காரணும்?" என்று கேட்டாள். அத்தோடு விஷயம் முடிந்தது. திரைச்சீலைப் பிரிவில் நாள் பூராவும் கத்திரிக்கோலும் கையுமாக நின்று ஜன்னல் துணி வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்று முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த அறைக்குள் உட்கார்ந்து பரிசுப்பொட்டலம் கட்டுகிறவளாக ஆனாள். அவள் கட்டும் ரிப்பன் பூவைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பேர்தான் ரிப்பன் அக்கா. அது கடைக்காரர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் சொந்தப் பேர் இருந்தது.

அந்த வேலை அவளுக்குப் பொருந்திப்போனது. பிள்ளைகளைக் கொஞ்சமாட்டாள், கன்னத்தைக் கிள்ளமாட்டாள். அதனாலேயே அவர்களுக்கு அவளைப் பிடித்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டே கேள்விதான் கேட்பாள். யாருக்கு? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?

முதல் கேள்விக்கு எல்லோருக்கும் பதில் தெரியும். இரண்டாவது கேள்விக்குத்தான் வீட்டுச் சமாசாரம் முழுக்க வெளியே வரும். வழுக்கைத் தலை அப்பாவுக்குச் சீப்பு வாங்க வந்த ஒருத்தன், "மூணு முடி இருக்கு, அதையாவது ஒழுங்கா வெச்சுக்கட்டும்" என்றான். இன்னொரு பெண், அப்பாவுக்கு மணி ஒன்று எடுத்தாள். வேலை முடிந்து வந்தால் அப்பா சத்தமே போடாமல் சமையலறையில் போய் நிற்கிறாராம், மணி கட்டிவிட்டால் வந்துவிட்டார் என்று தெரியுமாம். ஒரு பையன் அம்மாவுக்குப் பிளாஸ்திரி வாங்கினான். விரலை வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், "இந்த வீட்ல ஒரு பிளாஸ்திரி கிடையாது" என்று அம்மா கத்துகிறாளாம். ரிப்பன் அக்கா எதற்கும் சிரிக்கமாட்டாள். பிளாஸ்திரிப் பெட்டியை நகைப்பெட்டி மாதிரி வெள்ளித்தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பனில் பூ வைத்துக் கொடுப்பாள். வெளியே காத்திருக்கும் அம்மாமார் துருவித் துருவிக் கேட்பார்கள். "என்ன வாங்கினான், எனக்கு மட்டும் சொல்லுங்களேன்." அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டார்கள். கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை, பத்து வயசு சின்னவள். அவளைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கும்வரை அக்காவுக்கு வேறு எதையும் நினைக்க நேரமில்லை. நடுவில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பேருந்து ஓட்டுநர், நல்ல மாதிரி. "தங்கச்சி படிப்பு முடியட்டும்" என்றாள். அவனும் கொஞ்ச காலம் காத்திருந்தான். அப்புறம் காத்திருக்கவில்லை. அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரி வேலைதான், எக்ஸ்ரே எடுப்பவர். குழந்தை பிறந்து அது தவழத் தொடங்கிய சமயத்தில் இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி இல்லை.

"ஆறே மாசம்தான்க்கா. அங்க போய் நிலைச்சதும் அவளை அழைச்சுக்கறோம்" என்றாள் தங்கை.

ஆறு மாதம் என்றது வருஷங்களாக இழுத்துக்கொண்டது. இந்தக் காகிதம் வரவில்லை, அந்தக் கையெழுத்து ஆகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். காரணமெல்லாம் உண்மைதான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் குழந்தை வளர்ந்தது. உருண்டையாக, கையில் எடுத்தால் உருண்டு ஓடிவிடும் போல இருந்ததால் ரிப்பன் அக்கா அதைப் பட்டாணி என்று கூப்பிட்டாள்.

ஒரு விஷயத்தில் அவள் கண்டிப்பாக இருந்தாள். தன்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். குழந்தைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தினமும் தங்கையின் போட்டோவைக் காட்டி, "இது யாரு? அம்மா. நான் யாரு? பெரியம்மா" என்று பாடம் நடத்துவாள். ஒரு தடவை காய்ச்சலில் குழந்தை அனலாகக் கொதித்துக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டியபடி, "அம்மா, அம்மா" என்று முனகியது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். அவள் குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "அம்மா நாளைக்குப் போன்ல வருவாங்கடா கண்ணு. பெரியம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்த ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டாணிக்கு நாலு வயசு நடந்த டிசம்பரில், பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கடைக்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். மற்றப் பிள்ளைகள் பரிசு வாங்குவதைக் குழந்தை வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் எழுந்து நின்று, "பெரியம்மா, நீ வெளிய போ" என்றது.

"ஏன்டி?"

"நான் வாங்கணும். நீ பாக்கக் கூடாது. பெரியவங்க உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

பொம்மைப் பிரிவிலிருந்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே முட்டி போட்டு உள்ளே வந்து பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். ரிப்பன் அக்கா அந்தத் தாழ்ந்த வாசலுக்கு வெளியே, அம்மாமார்களோடு அம்மாவாக வரிசையில் நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "உங்க பொண்ணு என்ன எடுக்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டாள். அவள் திருத்தப்போனாள். அப்புறம், "தெரியலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பொட்டலத்துக்குள் இருந்தது ஒரு மஞ்சள் நிறக் குளியல் ஸ்பஞ்சு.

"குளிக்கறப்ப நீ தனியா பேசிக்கிட்டே இருக்கியே பெரியம்மா, யாரும் கேக்கறதில்ல. இதுக்குப் பாரு, எவ்வளோ காது!" என்று அதன் ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது குழந்தை.

குளிக்கும்போது தான் பேசுகிறோம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அந்த ஸ்பஞ்சு தூள்தூளாக உதிர்ந்துபோகும்வரை அதைத்தான் வைத்திருந்தாள்.

மறு வருஷம், பட்டாணிக்கு ஐந்து வயசு முடிந்த கோடையில், தங்கையும் மாப்பிள்ளையும் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள். ஊரின் அந்தக் கோடியில் புதுக் குடியிருப்பில் வீடு எடுத்தார்கள். குழந்தைக்கென்று தனி அறை, சுவரில் நட்சத்திரம் ஒட்டியிருந்தது. பிள்ளையின் துணிமணிகளை ரிப்பன் அக்காவே மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். எது சின்னதாகிவிட்டது, எது இன்னும் ஒரு வருஷம் வரும், எந்தச் சட்டையின் கழுத்து உறுத்தும் என்று ஒவ்வொன்றாகத் தங்கையிடம் சொன்னாள். தங்கை தலையாட்டிக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "போதும்க்கா. நானே கத்துக்கறேன்" என்றாள்.

முதல் வாரம் பட்டாணி ஊரைக் கூட்டி அழுதது. ரிப்பன் அக்கா ஞாயிற்றுக்கிழமை போனால் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அவள் கிளம்பினதும் மறுபடி முதலிலிருந்து அழுகை. மூன்றாவது ஞாயிறன்று தங்கை அக்காவை வாசலுக்கு வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நாள் நீ வராம இரு. அவ எங்களோட ஒட்டணும் இல்லையா. நான் தூக்கினா விறைச்சுக்கறாக்கா. சொந்தப் புள்ளை..." தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா? நீ அழாத. சொன்னா வரமாட்டேன்" என்றாள் அக்கா. படியிறங்கினாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் குழந்தைக்காக வாங்கிப்போன பிஸ்கட் பொட்டலம் பையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

அப்புறம் வந்த மாதங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. கடைக்குப் போனாள், வந்தாள். கை பழகிப்போய் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மறுநாளும் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டாள். தெருவில் எந்தக் குழந்தையாவது "பெரியம்மா" என்று கூப்பிட்டால் பத்தடி தள்ளிப்போன பிறகும் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த நேரத்தில் எந்த வாடிக்கைக்காரர் வந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் அளவு தெரியாமல் வந்து உயிரை வாங்குகிறவராக இருந்தால் இன்னும் நல்லது என்றிருக்கும். கீழே சலவைக்கடைக்காரர் ஒருமுறை, "மாடியில சத்தமே இல்லையே, ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். "இங்கதான் இருக்கேன்" என்றாள். தங்கை வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள். பட்டாணி இப்போது அழுவதில்லையாம், சாப்பிடுகிறாளாம், அப்பாவோடு சைக்கிள் பழகுகிறாளாம். நல்ல செய்திகள். ஒவ்வொரு நல்ல செய்தியும் நெஞ்சில் எங்கேயோ ஒரு மூலையில் சுருக்கென்று குத்திவிட்டுத்தான் உள்ளே போயிற்று.

டிசம்பர் வந்தது. அறைக்கு வெள்ளையடித்தார்கள். ரிப்பன் அக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. வெளியே பிள்ளைகள் கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. ஒரு பையனுக்குப் பொட்டலம் கட்டிக்கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "அடுத்து. யாருக்கு?" என்றாள்.

"அம்மாவுக்கு. அப்பாவுக்கும்."

குரலைக் கேட்டதும் கையிலிருந்த ரிப்பன் சுருள் உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு பல் விழுந்திருந்தது. முடியை வேறு மாதிரி பின்னிவிட்டிருந்தார்கள். புதுக் கோட்டு.

"பெரியம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்தத் தலையின் வாசனைகூட மாறியிருந்தது, வேறு ஷாம்பு. ரிப்பன் அக்கா ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். அதற்குள் பட்டாணி தானாகவே விலகி நிமிர்ந்து நின்றுகொண்டாள். வந்த காரியம் ஞாபகம் வந்துவிட்டது.

"அம்மா வெளிய நிக்கறாங்க. நீ அவங்க கிட்ட சொல்லக் கூடாது, சரியா?"

"நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே. சரி, அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

பட்டாணி வாயைத் திறந்தாள். மூடினாள். தட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"தெரியல."

அந்த அறையில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதிலை யாரும் சொன்னதில்லை. குழந்தையின் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நீ சொல்லு பெரியம்மா. உன் தங்கச்சிதானே. உனக்குத்தான் தெரியும்."

தெரியும்தான். தங்கைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? சின்ன வயசில் இடி இடித்தால் தங்கை அவளுடைய போர்வைக்குள் வந்து நுழைந்துகொள்வாள். கோடையிலும் கால் இரண்டும் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். "அக்கா, உன் காலைக் குடு" என்று அவள் கால்களுக்கு நடுவில் தன் காலைச் செருகிக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை எடுத்துக்கொண்டு போய்விடும். தங்கைக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் அது குழந்தை எடுத்த பரிசாக இருக்காது.

இதையும் சொல்லியாக வேண்டும். அவள் ஒன்றும் தேவதை இல்லை. பக்கத்துத் தட்டில் நகவெட்டிகள் கிடந்தன, யாரும் சீண்டாத சாமான். அதில் ஒன்றைக் காட்டி, "அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கை அந்தத் தட்டின் விளிம்புவரை போயும் விட்டது. தங்கை அதைப் பிரித்துப் பார்த்து, 'என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை' என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கட்டுமே. அந்த ஒரு கணம் அவளுக்கு அது இனிப்பாகக்கூட இருந்தது. அப்புறம் தன் கையைத் தானே பார்த்துவிட்டு, குனிந்து மேஜைக்கடியில் கிடந்த ரிப்பன் சுருளை எடுத்துக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு. நான் சொன்னா அது நான் வாங்கின மாதிரி ஆயிடும். நீயே யோசி. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன செய்வாங்க?"

"பைய வெப்பாங்க."

"அப்புறம்?"

"உஸ்ஸுன்னு உக்காருவாங்க. டீ போடுவாங்க." பட்டாணி புருவத்தைச் சுருக்கினாள். "அப்புறம் சாக்ஸ் போட்டுக்குவாங்க. வீட்டுக்குள்ளயே! தூங்கறப்பகூடப் போட்டுக்குவாங்க."

"ஏனாம்?"

"கால் ஜில்லுன்னு இருக்குமாம். ஒரு நாள் என்கூடப் படுத்துக்கிட்டாங்க, அப்ப என் கால் மேல வெச்சாங்க. நான் இழுத்துக்கிட்டேன்." குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அப்புறம் அவங்க வெக்கவே இல்ல."

ரிப்பன் அக்கா அவிழ்ந்து கிடந்த ரிப்பனை மறுபடி சுருளில் சுற்றினாள்.

பட்டாணி தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே போனாள். அம்மாக்களுக்கான தட்டில் மெல்லிசாக, பூப்போட்ட காலுறைகள் இருந்தன. அவற்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அப்பாக்களுக்கான தட்டுக்குப் போய், பச்சை நிறத்தில், கம்பளியில் பின்னின, முழங்கால்வரை வருகிற பெரிய ஜோடி ஒன்றை இழுத்து எடுத்தாள். அவள் உயரத்தில் பாதி இருந்தது அது.

"இது ஆம்பிளைங்க போடறது கண்ணு. அம்மா காலுக்குத் தொளதொளன்னு இருக்கும்" என்றாள் ரிப்பன் அக்கா.

"பெருசாத்தான் வேணும். ஒண்ணுக்குள்ள அம்மா காலும் என் காலும் சேர்ந்து போகணும்ல. அப்ப நான் இழுத்துக்க மாட்டேன்."

வெளியே யாரோ ஒரு பிள்ளை, "இன்னும் எவ்வளோ நேரம்?" என்று கத்தியது. ரிப்பன் அக்கா காலுறையை வாங்கி மேஜைமேல் வைத்து நீவினாள். மடித்தாள். தாளை வெட்டினாள். எத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று பூ சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி கட்டினாள்.

அப்பாவுக்கு எடுப்பதில் சிக்கலே இல்லை. அவர் தினமும் காலையில் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாகக் கவிழ்க்கிறாராம். விசில் கோத்த சாவி வளையம் ஒன்றை எடுத்தாள். "சாவி தானா விசிலடிக்காதே, நீதானே அடிக்கணும்?" என்று கேட்டதற்கு, "காணோம்னா நான் அடிக்கறேன்" என்றாள். விசில் சாவியோடுதானே தொலையும் என்று ரிப்பன் அக்கா கேட்கவில்லை.

இரண்டு பொட்டலங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டாணி வாசல்வரை போனாள். போனவள் திரும்பினாள்.

"உனக்கு யாரு பெரியம்மா வாங்குவா?"

"எனக்கா? எனக்குக் கடையிலயே குடுத்துடுவாங்க."

"நிஜமா?"

"நிஜம்தான். வருஷா வருஷம் குடுப்பாங்க."

பொய் இல்லை. காலண்டர் ஒன்று கொடுப்பார்கள். குழந்தையின் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கினது அவளுக்குத் தெரிந்தது. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். ரிப்பன் அக்காவுக்கு அறைக்குள்ளிருந்து பார்த்தால் வெளியே நிற்பவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். தங்கையின் காலணிகளை அடையாளம் தெரிந்தது. புதுக் கோட்டின் ஓரம் அவற்றோடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு இரண்டும் படியிறங்கின.

"அடுத்து. யாருக்கு?" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் போன் வந்தது. எடுத்ததும் தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"அக்கா... அவ என்ன வாங்கியிருக்கா தெரியுமா? நீதான் சொன்னியா? என் கால் சமாசாரம் உனக்குத்தானே தெரியும்?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல. அவளே யோசிச்சு அவளே எடுத்தா."

"சத்தியமா?"

"உன் பொண்ணுகிட்டயே கேளு."

மறுமுனையில் தங்கை சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் ஒரே காலுறைக்குள் காலை விட்டுக்கொண்டு நடக்கப்போய் சமையலறையில் விழுந்துவிட்டார்களாம். பின்னால் விசில் சத்தம் காதைப் பிளந்தது. "சாயங்காலம் வாக்கா. இனிமே எப்ப வேணும்னாலும் வா" என்றாள்.

அவள் போனாள். கேக் வெட்டினார்கள். பட்டாணி தன் அறையைக் காட்டினாள், சைக்கிளைக் காட்டினாள். மாப்பிள்ளை அவளுக்கென்று ஒரு சால்வை கொடுத்தார், நல்ல சால்வை. இருட்டுவதற்குள் குழந்தைக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. சோபாவில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள், எந்தப் பக்கம் சாய்வது என்று யோசிக்கக்கூட இல்லை. அம்மா மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இருந்தது, மன்னிப்புக் கேட்பதும் இருந்தது. ரிப்பன் அக்கா, "கழுத்து மடங்கியிருக்கு பாரு, சரியாப் பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பண்டிகை நாள், பேருந்தில் கூட்டமே இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. பண்டிகைக்குப் போவாள், பிறந்தநாளுக்குப் போவாள். "எங்களோடயே வந்துடுக்கா" என்று தங்கை இரண்டொரு முறை கூப்பிட்டாள். "வேலை இருக்கே" என்றாள். தொடக்கூடிய தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தொடாமல் இருப்பதற்குத் தனியாக இருப்பதே மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி மூன்று பேரும் போய்விட்டார்கள். கடையிலும் காலம் மாறிற்று. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்தார்கள். ரிப்பன் அக்கா பன்னிரண்டு மாதமும் திரைச்சீலைப் பிரிவிலேயே நின்றாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

பட்டாணிக்குப் பதினைந்து வயசான வருஷம், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் குழுவோடு இந்த ஊருக்கு வந்தவள், சாயங்காலம் திரும்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்ததென்று கடைக்குத் தேடிக்கொண்டு வந்தாள். ரிப்பன் அக்காவைவிட இரண்டு பிடி உயரம். துணிச் சுருள்கள் அடுக்கியிருந்த பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரிப்பன் அக்கா ஒரு வாடிக்கைக்காரருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப உன்கூடத்தான் இருந்தேனாமே. அம்மா எப்பவும் சொல்லுவாங்க."

"ஆமா. கொஞ்ச நாள்."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல பெரியம்மா. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வெக்கமா இருக்கு."

துணியில் ஓடிக்கொண்டிருந்த கத்திரிக்கோல் நின்றது. வாடிக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ரிப்பன் அக்கா மிச்சத்தை நேராக வெட்டி முடித்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"அதுல வெக்கப்பட என்ன இருக்கு? அந்த வயசு யாருக்கும் நிக்காது" என்றாள்.

"நான் எப்படி இருந்தேன்? படுத்துவேனா?"

"டீ குடிக்கப் போகலாம், வா."

கடைக்குப் பின்னால் வேலையாட்கள் உட்காரும் பெஞ்சில் இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரிப்பன் அக்கா சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வயசில் சலவைக்கடைக்காரர் மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டு தெருவையே தேட வைத்தது. முதல் பல் முளைத்தபோது நாற்காலிக் காலைக் கடித்தது. நிலா கூடவே வருகிறது என்று பேருந்தில் எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொன்னது. பேசாத மனுஷி என்று கடை முழுக்கப் பேரெடுத்தவள், அன்று நிறுத்தாமல் பேசினாள். பட்டாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நிஜமாவா? நானா? அய்யோ, அப்புறம்?" என்றாள். வேறு ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையின் கதையைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ரிப்பன் அக்காவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

பெண்ணின் போன் அடித்தது. பேருந்து கிளம்புகிறதாம். அவசரமாக எழுந்து பெரியம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை அடுத்த தடவை சொல்லணும்" என்று பின்வாசல் வழியாக ஓடினாள்.

டீ ஆறிப்போயிருந்தது. இடைவேளை முடிந்து எவ்வளவு நேரமாயிற்றோ, மேலேயிருந்து மேனேஜர் கூப்பிட்டார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் மாடியேறினாள். ஜன்னல் அளவு தெரியாமல் ஒரு வாடிக்கைக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.